மீட்டருக்குப் பின்னாடி கறுப்பு டேப்பு

வயரை நான் புடுங்கலை. எத்தனை தடவைதான் சொல்றது? புடுங்கலை, வெட்டலை, கருக்கலை. ஸ்டியரிங்குக்குக் கீழ ஒரு ஓட்டை இருக்கு, நான் கை வச்சது அதுல மட்டுந்தான். அந்த ஓட்டையே ஸ்கேனர் சொருகுறதுக்குன்னு வண்டி செஞ்சவன் வச்சது. என்கிட்ட இருக்குறது தீப்பெட்டி அளவு ஸ்கேனர். அதைச் சொருகுனா வண்டிக்கு என்ன கோளாறுன்னு போன்ல காட்டும். அது வண்டியைப் படிக்கும் மாமா. கடிக்காது.

உக்காருங்க. பிக்கப் ஸ்டாண்டு செயலாளர் வீடு தேடி வந்திருக்கீங்க, நின்னுக்கிட்டே வஞ்சா நல்லாவா இருக்கு? உக்காந்து திட்டுங்க. அந்தச் சேர் வேணாம், கால் ஆடும். இதுல உக்காருங்க. அம்மா, மாமாவுக்கு டீ. சீனி கம்மியா.

அந்தப் பேப்பரைக் குடுங்க, நானே படிக்கிறேன். "கௌமாரி ஆகிய நான், என் தகப்பனார் தங்கமாயன் அவர்களின் வாகனத்தில் அறியாமையினால் கருவி பொருத்தி, அதன் காரணமாக வாகனம் பழுதடைந்து, மேற்படி ஸ்டாண்டுக்கு அவப்பெயர் ஏற்பட..." அறியாமையினால்! ஆட்டோமொபைல் டிப்ளமோ ரெண்டாம் வருசம் மாமா நான். வகுப்புல நாப்பத்தியொரு பேர்ல பொம்பளப் புள்ளை மூணு பேர், அதுல எஞ்சின் பேப்பர்ல முதல் மார்க்கு நான். அறியாமைன்னு என் கையாலயே கையெழுத்துப் போடணுமாக்கும். யாரு எழுதுனது இது? பட்டறைக்காரன் டீசல் வேலுவுக்கு இந்த நடையெல்லாம் வராது. அவன் மச்சான் பத்திரம் எழுதுறவரு, அவரு எழுதிக் குடுத்திருப்பாரு. "மேற்படி"ங்கும்போதே தெரியுது.

சரி, அவன்னு சொல்லலை. அவரு. வயசுல பெரியவரு, மரியாதையாவே பேசுறேன். டீசல் வேலு அவர்கள். போதுமா?

அப்பா, வாசல்லயே ஏன் நிக்கிறீங்க? உள்ள வாங்க. உங்களுக்காகத்தான பேசிக்கிட்டு இருக்கேன். வரமாட்டாரு மாமா. நாலு நாளா இப்படித்தான். வண்டியைத் தொடைக்கிறாரு, கொழாயடியில நிக்கிறாரு, வாசல்ல நிக்கிறாரு. என் மூஞ்சியைப் பாத்துப் பேசுறதில்லை. பதினாறு வருசமா ஸ்டாண்டு போர்டுல ஒம்பதாம் நம்பர்ல இருந்த மனுசன். நீங்க ஈரத்துணியை வச்சு ஒரே இழுப்புல அழிச்சு விட்டீங்க. எட்டுக்கு அடுத்து இப்பப் பத்து. நேத்துப் போயிப் பாத்துட்டு வந்தேன், எனக்கே பல்லு போன மாதிரி இருந்துச்சு. அந்த மனுசனுக்கு எப்படி இருக்கும்?

கோவமாத்தான் இருக்கேன். கோவப்படாம கும்மியா அடிப்பாக? நான் முதல்ல இருந்து வரிசையாச் சொல்றேன். எங்கயாவது பொய்யி இருந்தா அந்த எடத்துல கையைத் தூக்குங்க.

தை மாசம் திராட்சை வெட்டு சூடு பிடிக்கிற நேரம். சுருளிப்பட்டியில லோடு ஏத்திக் குமுளி மலை ஏறி அங்கிட்டு இறக்கணும். அப்பா வண்டி பதினோரு வருசத்து வண்டி, கெழவிதான், ஆனா ஓடுற கெழவி. அப்ப ஒருநாள் மலை ஏறும்போது நாலாவது வளைவுல மீட்டர்ல எஞ்சின் லைட்டு எரிஞ்சிருக்கு. மஞ்சளா, சின்ன எஞ்சின் படம் போட்டது. வண்டி இழுவை கொறைஞ்சு பொத்துப் பொத்துன்னு ஏறியிருக்கு. மேல போயி ஆஃப் பண்ணி ஸ்டார்ட் பண்ணா சரியாயிருச்சு. மறுநாள் தரையில ஓட்டுனா ஒண்ணுமில்லை. அதுக்கு மறுநாள் மலையில திரும்பவும் எரிஞ்சிருக்கு. அதுக்கப்புறம் லைட்டு அணையவே இல்லை.

இந்த லைட்டுக்குத்தான் நம்ம திராட்சை மண்டியில ஒரு சாத்திரம் இருக்கே! சாவி பாக்குறது. லோடு ஏத்துறதுக்கு முன்னாடி கணக்கப்பிள்ளை குருசாமி ஜன்னல் வழியாக் கையை விட்டுச் சாவியைத் திருப்பி, வண்டியை ஸ்டார்ட் பண்ணி, மீட்டரை எட்டிப் பாப்பாரு. மஞ்சள் லைட்டு நின்னு எரிஞ்சா "தள்ளு"ன்னு ஒரே வார்த்தை. முறை அடுத்த வண்டிக்குப் போயிரும். அந்த மனுசனுக்குச் சைக்கிள்கூட ஓட்டத் தெரியாது. சாவி திருப்ப மட்டும் தெரியும். என்னைக்கோ எவன் வண்டியோ நடு மலையில நின்னு பழம் அழுகிப்போச்சுன்னு மண்டிக்காரங்க போட்ட விதி. அதுக்கு ஸ்டாண்டும் தலையை ஆட்டுச்சு. நீங்களும்தான் ஆட்டுனீங்க. ஆட்டலையா? ஆங்.

அப்பாவுக்கு மூணு தடவை தொடர்ந்து "தள்ளு". மூணு தடவையும் பத்தாம் நம்பர்காரன் சிரிச்சுக்கிட்டே ரிவர்ஸ் எடுத்து வந்து நின்னானாம். அப்பா என்கிட்ட இதைச் சொல்லலை, அம்மாதான் போன்ல சொல்லி அழுதுச்சு. நான் அப்ப தேனியில ஹாஸ்டல்ல இருந்தேன். "அப்பா, யார்கிட்டயும் விடாதீங்க, சனிக்கிழமை நான் வந்து ஸ்கேன் பண்றேன்"னு சொன்னேன். அவரு "சரிம்மா"ன்னாரு. எல்லாத்துக்கும் சரிம்மாதான்.

சனிக்கிழமை வரைக்கும் எங்க பொறுக்க விட்டாய்ங்க? புதன்கிழமையே அப்பா வண்டியை வேலு அவர்கள் பட்டறைக்குக் கொண்டு போயிட்டாரு. போர்டைப் பாத்திருக்கீங்களா மாமா? "இங்கு நவீன கம்ப்யூட்டர் முறையில் டீசல் வாகனங்கள் பரிசோதிக்கப்படும்." அந்தக் கம்ப்யூட்டர்ல படம் ஓடுறதை நான் பாத்திருக்கேன். பரிசோதனை ஓடி யாரும் பாத்ததில்லை. சரி, விடுங்க. காலையில போன வண்டி மத்தியானம் வரைக்கும் அங்கதான். அப்பா எங்கயும் போகலை, பட்டறை ஸ்டூல்லயே உக்காந்திருந்தாராம். எதுத்த டீக்கடை அண்ணன் சொன்னாரு. கண்ணு முன்னாடி உக்கார வச்சே ஏமாத்தியிருக்கான் பாருங்க, எம்புட்டு நெஞ்சழுத்தம் வேணும்! அவரு. ஏமாத்தியிருக்காரு.

மத்தியானம் வண்டி வந்துச்சு. லைட்டு இல்லை. "என்னப்பா செஞ்சாரு?"ன்னு போன்ல கேட்டேன். "மீட்டர் கேபிளு லூசு, மாட்டி விட்டாரு"ன்னாரு. மீட்டர் கேபிளுக்கும் எஞ்சின் லைட்டுக்கும் என்ன சம்பந்தம்? இந்த வண்டியில கேபிளே கெடையாது, எல்லாம் வயரு. பாவம், அப்பாவுக்கு என்ன தெரியும்? அவங்க சொன்னதை நம்பிட்டு வந்து அப்படியே ஒப்பிக்கிறாரு. அன்னைக்கு ஓமப்பொடியும் அல்வாவும் வாங்கிட்டு வந்தாராம், மறுநாளே குருசாமி சாவி பாத்துட்டு "ஏத்து"ன்னு சொல்லிட்டாராம். ஆனா அன்னைக்கு ராத்திரி பாதிச் சோத்தோட எந்திரிச்சுட்டாராம், அம்மா சொல்லுச்சு. அலைச்சல்.

டீ ஆறுது, குடிங்க.

சனிக்கிழமை நான் வந்தேன். வந்த உடனே சாவியைப் போட்டேன். இப்ப நல்லாக் கேளுங்க, இதுதான் முக்கியம். நல்ல வண்டியில சாவியைத் திருப்புன உடனே எல்லா லைட்டும் ஒருதடவை எரியும். ஆயில் லைட்டு, பேட்டரி லைட்டு, எஞ்சின் லைட்டு, எல்லாம். பள்ளிக்கூடத்துல பேர் கூப்பிட்டா "உள்ளேன் ஐயா"ன்னு சொல்ற மாதிரி. வண்டி ஸ்டார்ட் ஆன பின்னாடி ஒவ்வொண்ணா அணையும். நான் சாவியைத் திருப்புனேன். ஆயில் வந்துச்சு, பேட்டரி வந்துச்சு. எஞ்சின் லைட்டு மட்டும் வரலை. மூணு தடவை திருப்புனேன், மூணு தடவையும் வரலை. அப்பவே எனக்குப் பொறி தட்டிருச்சு. நோயி குணமாகலை, நோயாளியோட வாயைப் பொத்தியிருக்காய்ங்க.

உங்க குருசாமிக்கு இது தெரியாது. அவருக்கு மஞ்சள் நின்னு எரியுதா இல்லையாங்கறது மட்டுந்தான். எரிய வேண்டிய நேரத்துல எரிஞ்சுச்சான்னு பாக்க யாரும் சொல்லிக் குடுக்கலை.

ஸ்கேனரைச் சொருகுனேன். போன்ல கோளாறு பளிச்சுன்னு உக்காந்திருக்கு. டர்போ காத்து பத்தலைன்னு. இந்தா, படம் பிடிச்சு வச்சிருக்கேன், தேதி மணியோட. பாருங்க, சனிக்கிழமை பதினொண்ணு இருபது. வண்டி மலையில நின்னது திங்கக்கிழமை. நான் சொருகுறதுக்கு முன்னாடியே கோளாறு உள்ள இருந்திருக்கு! நான் சொருகித்தான் கெட்டுப்போச்சுன்னா, சொருகுன நொடியிலயே எப்படி எழுதி வச்சிருக்கும்? இதுக்கு அவரு பதில் சொல்லட்டும், நான் காதுல இருக்குற கம்மலைக் கழட்டித் தர்றேன்.

நான் என்ன செஞ்சேன்? படிச்சேன். அவ்வளவுதான். அழிக்கக்கூட இல்லை. மத்தியானம் சோறு சாப்பிடும்போது அப்பாகிட்டச் சொன்னேன். "அப்பா, கோளாறு உள்ள அப்படியே இருக்கு. லைட்டை எவனோ கெடுத்து வச்சிருக்கான். லோடோட மலை ஏறாதீங்க." அப்பா சோத்தைப் பிசைஞ்சுக்கிட்டே இருந்தாரு. ரொம்ப நேரம் பிசைஞ்சாரு. அப்புறம், "சாப்பிடும்மா. வெட்டு முடியட்டும், பாத்துக்கலாம்"ன்னாரு. வேலு மேல அம்புட்டு நம்பிக்கை! பெத்த மக நான் சொல்றேன், அந்த மனுசன் வேலு சொன்னதைத்தான் நம்புறாரு. எனக்கு எப்படி எரிஞ்சிருக்கும்? தட்டை வச்சுட்டு எந்திரிச்சுட்டேன்.

ஆனா ஒண்ணு, ஒரேயடியா அப்பாவைக் குத்தம் சொல்லமாட்டேன். சாக்கிரதையாத்தான் இருந்திருக்காரு. அந்த நாலஞ்சு நாளும் மலையில மூணாவது கியரே போடலையாம், ரெண்டாவதுலயே உருட்டிக்கிட்டுப் போவாராம். ரேடியோ போடாம, ஜன்னலை எறக்கி விட்டு, காதை வெளிய வச்சுக்கிட்டு ஓட்டுவாராம். பின்னாடி வந்த பத்தாம் நம்பர்காரனே சொன்னான், "உங்கப்பா பிள்ளைத்தாச்சியக் கூட்டிட்டுப் போற மாதிரி ஓட்டுனாரு"ன்னு. அப்படி ஓட்டுற மனுசனுக்குத்தான் இந்தக் கதி.

திங்கக்கிழமை நடந்தது உங்களுக்கே தெரியும். நாலாவது வளைவு. கெழவி மூச்சு விட்டுட்டா. பின்னாடி கரும்பொகை, கிளட்ச் கருகுற நாத்தம். அப்பா எறங்கிச் சக்கரத்துக்குக் கல்லைப் போட்டுட்டு நின்னாரு. பின்னாடி மூணு பஸ்ஸு, எத்தனையோ ஜீப்பு. ஒருத்தன் பாக்கி இல்லாம வஞ்சுட்டுப் போனாய்ங்க. தமிழ்ல வஞ்சாய்ங்க, மலையாளத்துல வஞ்சாய்ங்க. வேற வண்டி வந்து டிரேயை மாத்தி ஏத்துறதுக்குள்ள வெயில் ஏறி, கீழ் அடுக்குப் பழமெல்லாம் நசுங்கி, ரோட்டுல சாறு ஓடுச்சாம். ஈ மொச்ச ரோட்டுல எங்கப்பா கையைக் கட்டிக்கிட்டு நிக்கிறாரு, அதை ஒருத்தன் வீடியோ எடுத்து ஸ்டாண்டு குரூப்புல போடுறான். நானும் பாத்தேன். ஹாஸ்டல் மெஸ்ஸுல உக்காந்து பாத்தேன். என் பிரண்டு "இது யாருடி?"ன்னு கேட்டா. "எங்கப்பா"ன்னேன். 

அன்னைக்குச் சாயங்காலமே வேலு அவர்கள் பட்டறையில இருந்து தீர்ப்பு வந்துருச்சு. "தங்கமாயன் மக என்னத்தையோ சொருகி கம்ப்யூட்டரைக் காலி பண்ணிருச்சு." அம்புட்டுத்தான். ஸ்டாண்டு முழுக்க அதைப் பிடிச்சுக்கிட்டாய்ங்க. பொம்பளப் புள்ளை வண்டியில கை வச்சா இப்படித்தான்னாய்ங்க. படிப்பு தலைக்கேறிப்போச்சுன்னாய்ங்க. ஒருத்தன், பேர் சொல்லலை, பன்னண்டாம் நம்பர், "புள்ளைய சீக்கிரம் கட்டிக் குடுத்துருங்க மாயண்ணே, வண்டி தப்பிக்கும்"னானாம். எங்கப்பா தலையைக் குனிஞ்சுக்கிட்டு நின்னாராம். ஒரு வார்த்தை, "என் மக அப்படிச் செய்யாது"ன்னு ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லலை. ரோசமில்லாத மனுசன் இல்லை மாமா அவரு. வாயில்லாத மனுசன். அதான் அவரு வாயும் சேத்து எனக்கே வந்துருச்சு.

நான் சும்மா விடலை. செவ்வாய்க்கிழமை காலேஜுக்கு லீவு போட்டுட்டு வந்தேன். ரெண்டு வேலை செஞ்சேன்.

ஒண்ணு, கோளாறைக் கண்டுபிடிச்சேன். டர்போவுல இருந்து எஞ்சினுக்குக் காத்துப் போறதுக்கு ஒரு ரப்பர் ஹோஸ் இருக்கு, கை தடிமனுக்கு. மேல பாத்தா பளபளன்னு இருக்கு. பஞ்சர் கடை ராவுத்தர்கிட்டப் போயி ஏர் பைப்பைக் கேட்டு, ஹோஸுக்குள்ள காத்தை விட்டேன். ஒரு ஷாம்பு பாக்கெட்டைத் தண்ணியில கலக்கி மேல ஊத்துனேன். பஞ்சர் பாக்குற அதே வித்தைதான். கிளாம்புக்கு அடிப்பக்கத்துல, கண்ணுக்குத் தெரியாத எடத்துல, புஸ்ஸுன்னு நொரை கெளம்புச்சு பாருங்க! ஒரு விரல் நீளத்துக்குக் கிழிசல். தரையில ஓடும்போது வாயை மூடிக்கிட்டு இருக்கும். லோடோட ஏத்தத்துல காத்து அழுத்தும்போது வாயைப் பொளந்துரும். அதான் மலையில மட்டும் எரிஞ்ச லைட்டு. கம்ப்யூட்டரும் போகலை, கத்திரிக்காயும் போகலை. ஒரு ரப்பர்! ராவுத்தர் சிரிச்சுட்டாரு. "பாப்பா, இதை மாத்துறது ஒருநாள் வேலைதான"ன்னாரு. ஒருநாள் வேலை.

ரெண்டாவது, மீட்டரைக் கழட்டுனேன். ஆமா, நான்தான் கழட்டுனேன், திங்கக்கிழமைக்குப் பின்னாடி, செவ்வாய்க்கிழமை. அதையும் இதையும் கொழப்பிக்காதீங்க. நாலு ஸ்குரூ. கழட்டித் திருப்புனா, எஞ்சின் படம் இருக்குற எடத்துல பின்னாடி கறுப்பு டேப்பு. ரெண்டு சுத்து. லைட்டு பாவம் உள்ள எரிஞ்சுக்கிட்டே இருந்திருக்கு, வெளிச்சம் வெளிய வராதபடி கண்ணைக் கட்டிட்டான். அவரு. கண்ணைக் கட்டிட்டாரு. அதையும் படம் எடுத்தேன், இந்தா. "அப்பா, வந்து பாருங்க, உங்க வேலு செஞ்ச வேலையை!"ன்னு கத்துனேன். அப்பா வந்தாரு, எட்டிப் பாத்தாரு. கொழாயடிக்குப் போயி மூஞ்சியைக் கழுவுனாரு. திரும்பத் திரும்பக் கழுவுனாரு. நம்புன மனுசன் இப்படிப் பண்ணிட்டானேங்கற வேதனை மாமா. அழுதிருப்பாரு.

அன்னைக்கு முடிவு பண்ணேன். இந்த ஆளைச் சும்மா விடுறதில்லைன்னு. டேப்பு படத்தை எங்க காலேஜ் குரூப்புல போட்டேன், எங்க தெரு குரூப்புல போட்டேன், பால் சொசைட்டி குரூப்புல போட்டேன். ஸ்டாண்டு குரூப்புல என்னையச் சேக்கமாட்டீங்க, இல்லாட்டி அங்கயும் போட்டிருப்பேன். நாலு நாளா அவரு பட்டறை வாசல்ல ஒரு வண்டி நிக்கலையாமே? என் வேலைதான், ஒத்துக்கிறேன். எங்கப்பா ரோட்டுல நின்ன மாதிரி அவரும் ஒருநாள் வெறும் பட்டறைக்கு நடுவுல கையைக் கட்டிக்கிட்டு நிக்கட்டும். அதையும் ஒருத்தன் வீடியோ எடுக்கட்டும். ஆளில்லாட்டி நானே எடுக்கிறேன்.

என்ன மாமா? என்ன சொன்னீங்க?

அவரு முதல் நாளே ஹோஸைப் பாத்துட்டாராமா? மாத்தணும்னு அப்பவே சொன்னாராமா? யார்கிட்டச் சொன்னாராம்? எங்கப்பாகிட்டயா? அட போங்க மாமா. சொல்லியிருந்தா எங்கப்பா மாத்தாம இருப்பாரா? ஒருநாள் வேலைன்னு ராவுத்தரே சொல்றாரு. ஒருநாள் வண்டியை நிறுத்துனா முறை போயிரும், நாலாவது தடவையும் "தள்ளு"ன்னு பேர் வாங்கணும், அதுக்காகப் பயந்து எங்கப்பா... இல்லை மாமா. உங்களுக்கு எங்கப்பாவைத் தெரியாது. நான் சின்னப் புள்ளையில பரீச்சைத் தாள்ல அவரு கையெழுத்தை நானே போட்டதுக்கு, மூணு நாள் என்கூடப் பேசாம இருந்தவரு. பொய்யின்னா அவருக்கு ஆகாது. அவரு தெரிஞ்சே லைட்டை மறைச்சுக்கிட்டு மண்டியில போயி நிப்பாராக்கும்!

வேலு சொல்றாரு, நீங்களும் நம்பிட்டு வந்து சொல்றீங்க. இது புதுக் கதை. முதல்ல கம்ப்யூட்டர் போச்சுன்னாரு, இப்ப ஹோஸ்ங்கிறாரு. நாளைக்கு என்ன சொல்லுவாரு, சனிப் பெயர்ச்சிம்பாரா?

"வேலு நெனச்சா ஒரே வார்த்தையில தப்பிச்சிருக்கலாம், சொல்லாம இருக்கான்"ங்கிறீங்க. என்ன வார்த்தை அது? அப்படி என்ன ஒளிச்சு வச்சிருக்காரு? யாரைக் காப்பாத்துறாராம்? மடியில கனமில்லாதவன் எதுக்கு மென்னு முழுங்கணும்? நாலு நாளா பட்டறை காத்தாடுது, ஊரு முழுக்கத் திருடன்னு பேரு, அப்பவும் வாயைத் திறக்காம இருக்கான்னா என்ன அர்த்தம்? சொல்றதுக்கு ஒண்ணும் இல்லைன்னு அர்த்தம். நீங்க அதுக்குப் போயி, மனுசன் பெருந்தன்மைங்கிற மாதிரி பேசுறீங்க.

என்னம்மா? நான் ஏன் போதும்னு நிறுத்தணும்? நீ உள்ள போ. மாமா முன்னாடி கண்ணைக் காட்டாத. எனக்குப் புரியாத மாதிரி ரெண்டு பேரும் கண்ணைக் காட்டிக்கிட்டு!

பாருங்க மாமா, வீட்டுலயும் எனக்கு ஆதரவு இல்லை. நேத்து அப்பாவே சொல்றாரு, "எழுதிக் குடுத்துரும்மா, உனக்கு என்ன, நீ படிக்கப் போற புள்ளை, எனக்கு நம்பர் கெடைச்சுரும்"ன்னு. எனக்கு எப்படி இருந்துச்சு தெரியுமா? ஒரு தப்பும் செய்யாத நான் தப்புன்னு கையெழுத்துப் போடணும், தப்பு செஞ்சவன் நல்லவனாத் திரியணும், அதுக்கு எங்கப்பா என்கிட்டக் கெஞ்சணும். அந்த அளவுக்கு அவரை மெரட்டி வச்சிருக்காய்ங்க.  அவரேதான் பேனாவை எடுத்து நீட்டுனாரு. நான் வாங்கலை.

எழுதமாட்டேன். நீங்க சொல்ற மாதிரி சித்திரை வரைக்கும் நம்பர் இல்லைன்னா இல்லாமப் போகட்டும். எங்கப்பா பேர் திரும்ப ஒம்பதாவது எடத்துல வரணும்னா சுத்தமா வரணும். என் பேர்ல கரியைப் பூசி அவரு பேரைக் கழுவவேண்டாம். பேப்பரை இந்தா நாலா மடிச்சிட்டேன். டீ டம்ளருக்கு அடியில வச்சுக்கங்க.

ஞாயித்துக்கிழமை காலையில பத்து மணிக்கு ஸ்டாண்டுல கூட்டம் போடுங்க. இருபத்திரெண்டு நம்பரும் வரணும். பன்னண்டாம் நம்பர் கண்டிப்பா வரணும். மண்டியில இருந்து குருசாமியும் வரட்டும். நான் மீட்டரை அப்படியே டேப்போட கொண்டு வர்றேன். கிழிஞ்ச ஹோஸையும் எடுத்துக்கிட்டு, ராவுத்தரையும் கூட்டிட்டு வர்றேன். வேலு அவர்கள் நடுவுல வந்து நிக்கணும். கேள்வி ரெண்டே ரெண்டுதான். டேப்பை ஒட்டுனது நீங்களா இல்லையா? இது முதல் கேள்வி. அதுக்கு ஆமான்னுதான் சொல்லியாகணும், வேற வழி இல்லை. சும்மா பொழுது போகாம எவனும் அடுத்தவன் மீட்டரைக் கழட்டி டேப்பு ஒட்டமாட்டான், அதனால ரெண்டாவது கேள்வி: ஒட்டச் சொன்னது யாரு? பத்தாம் நம்பர்காரனா? மண்டியில எவனாவதா? எங்கப்பா மேல யாருக்கு அம்புட்டு வன்மம்? அந்தப் பேர் எனக்கு வேணும். அந்த ஆளு யாரா இருந்தாலும், எவ்வளவு பெரிய ஆளா இருந்தாலும், அத்தனை பேர் முன்னாடி தலையைக் குனிஞ்சு நிக்கிறதை நான் கண்ணால பாக்கணும்.

அப்பா, நீங்களும் வரணும். வெள்ளைச் சட்டை போட்டுக்கிட்டு முன் வரிசையில என் பக்கத்துல உக்காரணும். பயப்படாதீங்க, நான் பேசிக்கிறேன். ஏன்ப்பா நிலையைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறீங்க? தலை சுத்துதா? உக்காருங்க. அம்மா, அப்பாவுக்குத் தண்ணி.

மாமா, அவரை ஏன் பாக்குறீங்க? உங்ககிட்டப் பேசிக்கிட்டு இருக்குறது நான். என்னையப் பாருங்க. நேராப் பட்டறைக்குப் போங்க, போயி நான் சொன்னேன்னு சொல்லுங்க. யாரையும் காப்பாத்த வேணாம், யாருக்கும் பாவம் பாக்க வேணாம். ஞாயித்துக்கிழமை பத்து மணி. மைக்கு வைக்கச் சொல்லுங்க. டேப்பை ஒட்டச் சொன்னவன் பேரை ஊரே கேக்க அவரு சொல்லியாகணும்.